லாஜிக் அனலைசரில் நேர அளவு தப்பாக வருகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

எட்டு சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் என்று மேலே எழுதிய, தீப்பெட்டி அளவே உள்ள லாஜிக் அனலைசர் (சிக்னல் எப்போது 0, எப்போது 1 என்று பதிவு செய்யும் கருவி) இப்போது எலெக்ட்ரானிக்ஸ் பழகுகிற பலருடைய மேசையிலும் இருக்கிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் சைப்ரஸ் எஃப்எக்ஸ்2 ரகச் சிப். கணினியில் பல்ஸ்வியூ என்ற மென்பொருளை நிறுவி, ஒயரை மாட்டி, ரன் கொடுத்தால் அலைவடிவம் திரைக்கு வந்துவிடும். அதுவரை சிக்கல் இல்லை. இரண்டு கர்சரை வைத்து "இந்தப் பல்ஸ் இத்தனை மைக்ரோவினாடி" என்று குறித்துக்கொள்ளும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. ஏதோ ஒரு எண் வந்துவிடுகிறது. அது சிக்னலைப் பற்றிச் சொல்கிறதா, அளந்த விதத்தைப் பற்றிச் சொல்கிறதா என்பதுதான் கேள்வி. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பிரித்துப் பார்ப்பதைப் பற்றியது.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். முதலாவது, பிடித்த கேப்சரை அப்படியே ஒரு ஃபைலாகச் சேமித்து வையுங்கள்; வடிகட்டுவதெல்லாம் அதன் நகலில்தான். இரண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது. எல்இடி பல்பு, ஃபேன் ரெகுலேட்டர் போன்றவற்றின் போர்டுகள் பலவற்றில் 230 வோல்ட் லைனிலிருந்து மின்சாரம் தனிமைப்படுத்தப்படுவதில்லை. அவற்றின் கிரவுண்டில் அனலைசரின் கிரவுண்டை மாட்டினால் லேப்டாப்பும் போகும், நீங்களும் ஷாக் வாங்குவீர்கள். டிரான்ஸ்ஃபார்மரோ தனிமைப்படுத்திய அடாப்டரோ இல்லாத போர்டில் இந்தக் கருவியை வைக்கவே வேண்டாம்.

அறிகுறி: எதையும் தொடாத சேனல்கூட ஆடுகிறது, இடைவெளி 20 மில்லிவினாடி என்று வருகிறது

20 மில்லிவினாடி என்றால் 50 ஹெர்ட்ஸ், அதாவது வீட்டு மின்சாரம். சேனல் ஒயர் ஆன்டெனாவாக நின்று அதைப் பிடிக்கிறது. எங்கும் மாட்டாத சேனல் என்றால் அதைப் பல்ஸ்வியூவில் அணைத்துவிடுங்கள். மாட்டிய சேனலும் இப்படி ஆடினால் கிரவுண்ட் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. பிரெட்போர்டில் நீளமான பவர் வரிசை நடுவில் துண்டாக இருக்கும் ரகம் உண்டு. கிரவுண்டைத் தப்பான பாதியில் குத்தியிருக்கலாம். மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பாருங்கள்.

சேனல் ஆடாமல் எப்போதும் கீழேயே கிடந்தால் வேறு காரணம். இந்தச் சிப் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதை 0 என்றும் 2 வோல்ட்டுக்கு மேலே இருப்பதை 1 என்றும் எடுத்துக்கொள்ளும். நடுவில் இருப்பதற்கு உத்தரவாதம் இல்லை. 1.8 வோல்ட்டில் ஓடும் சிக்னலை இதில் நேரடியாக அளக்க முடியாது. லெவல் ஷிஃப்டர் வேண்டும்.

அறிகுறி: 24 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் கேப்சர் பாதியில் நிற்கிறது

இந்த அனலைசரில் கேப்சரைச் சேர்த்து வைக்க மெமரி கிடையாது. சிப்புக்குள் இருப்பது சுமார் 4 கிலோபைட் இடைத்தாங்கல், அவ்வளவுதான். 24 மெகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 2.4 கோடி முறை 0, 1 பார்க்கும்போது (ஒவ்வொரு பார்வையும் ஒரு சாம்பிள்), எட்டு சேனலும் சேர்ந்து நொடிக்கு 24 மெகாபைட் யுஎஸ்பி வழியாகப் போக வேண்டும். கணினி 0.17 மில்லிவினாடி கவனம் சிதறினாலே அந்த 4 கிலோபைட் நிறைந்துவிடும். வெப்கேமும் பென்டிரைவும் மாட்டிய அதே ஹப்பில் அனலைசரையும் மாட்டினால் இதுதான் நடக்கும்.

நேராகக் கணினியின் போர்ட்டில், குட்டையான கேபிளில் மாட்டுங்கள். அப்படியும் நின்றால் 12 அல்லது 8 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்குங்கள். உங்கள் சிக்னலுக்கு 24 தேவைதானா என்பதை அடுத்த பகுதி சொல்லும்.

நின்றுபோகும் கேப்சரை விட ஆபத்தானது, நடுவில் சாம்பிளை விட்டுவிட்டு ஒன்றும் நடக்காதது போலத் தொடரும் கேப்சர். அதில் இடைவெளிகள் சத்தமில்லாமல் குறுகிவிடும். சந்தேகம் வந்தால் இப்படிச் சோதியுங்கள்: ஆர்டுயினோ ஊனோவின் 5 அல்லது 6ஆம் பின்னில் அனலாக்ரைட் கொடுத்து 128 வையுங்கள். 976.56 ஹெர்ட்ஸ் வரும். ஒரு சுற்று 1.024 மில்லிவினாடி, 24 மெகாஹெர்ட்ஸில் 24,576 சாம்பிள். ஊனோவின் கடிகாரம் செராமிக் ரெசனேட்டரில் ஓடுவதால் 0.5 சதவீதம் வரை விலகலாம். ஆகவே எண் சரியாக 24,576 ஆக இருக்க வேண்டியதில்லை. உங்களுக்கு 24,530 என்று வரலாம். ஆனால் எந்த எண் வந்தாலும் எல்லாச் சுற்றுக்கும் ஒன்றிரண்டு சாம்பிளுக்குள் அதுவே வர வேண்டும். திடீரென ஒரு சுற்று மட்டும் நூற்றுக்கணக்கில் குறைந்திருந்தால் அங்கே சாம்பிள் தொலைந்திருக்கிறது. அந்தக் கேப்சரில் எந்த நேரத்தையும் அளக்காதீர்கள்.

அறிகுறி: ஒரே பல்ஸ், அளக்கும் போதெல்லாம் அகலம் மாறுகிறது

எவ்வளவு மாறுகிறது என்று சாம்பிள் கணக்கில் பாருங்கள். ஒரு சாம்பிளுக்குள் என்றால் அது கோளாறே அல்ல. 24 மெகாஹெர்ட்ஸில் ஒரு சாம்பிள் 41.67 நானோவினாடி. அனலைசர் அந்தந்தக் கணத்தில் மட்டும்தான் கண்ணைத் திறந்து பார்க்கிறது. எட்ஜ் (சிக்னல் 0, 1 மாறும் இடம்) இரண்டு பார்வைக்கு நடுவில் எங்கே நடந்தாலும் அடுத்த பார்வையில்தான் பதிவாகும். அதனால் இத்தனை சாம்பிள் அகலம் என்று வந்தால், உண்மை அகலம் அதற்கு ஒரு சாம்பிள் குறைவிலிருந்து ஒரு சாம்பிள் கூடுதல் வரை எங்கேயும் இருக்கலாம்.

இதை டபிள்யூஎஸ்2812 எல்இடியில் வைத்துப் பார்த்தால் புரியும். அதில் 0 என்பதற்கு சிக்னல் சுமார் 0.4 மைக்ரோவினாடி மேலே நிற்கும், 1 என்பதற்கு சுமார் 0.8; விலகல் 0.15 வரை பொறுக்கும். 24 மெகாஹெர்ட்ஸில் இவை 9.6 சாம்பிள், 19.2 சாம்பிள், திரையில் 9, 10 என்றும் 19, 20 என்றும் மாறி மாறி வரும். பொறுக்கும் விலகல் மூன்றரைச் சாம்பிள் என்பதால் சரியா தப்பா என்று சொல்லிவிடலாம். அதையே 4 மெகாஹெர்ட்ஸில் பிடித்தால் ஒரு சாம்பிளே 0.25 மைக்ரோவினாடி. 0 எது, 1 எது என்று தெரியும். டைமிங் வரம்புக்குள் இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. பிட்டைப் படிக்கச் சிக்னல் வேகத்தின் நான்கு மடங்கு போதும். அகலத்தை அளக்க, நீங்கள் பிடிக்க நினைக்கும் விலகலுக்குள் இரண்டு மூன்று சாம்பிளாவது விழ வேண்டும். நான் சாம்பிளிங் வேகத்தை முடிவு செய்வது இதை வைத்துத்தான், சிக்னலின் அதிர்வெண்ணை வைத்து அல்ல.

திரும்பத் திரும்ப வரும் சிக்னல் என்றால் ஒரு சுற்றை அளக்காமல் ஆயிரம் சுற்றை ஒன்றாக அளந்து ஆயிரத்தால் வகுங்கள். அந்த ஒரு சாம்பிள் பிழையும் ஆயிரத்தால் வகுபடும். பல்ஸ்வியூவில் டைமிங் என்ற டிகோடரைச் சேர்த்தால் ஒவ்வொரு எட்ஜுக்கும் இடைப்பட்ட நேரத்தை வரிசையாக எழுதிக் காட்டும். கர்சரை நகர்த்தி நகர்த்திக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: 115200 என்று வைத்த சீரியலில் ஒரு பிட் 8.68க்குப் பதில் 8.5 மைக்ரோவினாடி வருகிறது

அனலைசர் சரியாகத்தான் சொல்கிறது. ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸை முழு எண்ணால் வகுத்து 115200 கொண்டுவர முடியாது. கிட்டத்தில் கிடைப்பது 117647. எதிர்முனை இந்த 2 சதவீதத்தைப் பொறுத்துக்கொள்வதால் எழுத்துகள் சரியாக வருகின்றன. 24 மெகாஹெர்ட்ஸில் 204 சாம்பிளா 208 சாம்பிளா என்பதைப் பார்த்தாலே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

பாட் ரேட்டே (நொடிக்கு எத்தனை பிட் என்ற வேகம்) தெரியாத இடத்தில் மிகக் குறுகிய பல்ஸின் அகலத்தைத் தலைகீழாக்குங்கள். இஎஸ்பி8266 பூட் ஆகும்போது சீரியலில் குப்பையாக வருகிறது என்று பலர் போர்டையே சந்தேகிப்பார்கள். அளந்து பார்த்தால் பிட் 13.36 மைக்ரோவினாடி, அதாவது 74880. அந்த வேகத்தை டிகோடரில் கொடுத்தால் பூட் செய்தி அழகாகப் படிக்க வரும்.

அறிகுறி: சரியான பல்ஸின் நடுவே ஊசி போலக் கிளிட்ச்

இதில்தான் நிதானம் வேண்டும். கிளிட்சைப் பார்த்தவுடன் வடிகட்டத் தோன்றும். முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

நண்பர் ஒருவர் முட்டை பொரிக்கும் அடைகாப்புப் பெட்டிக்கு டிஎச்டி22 சென்சார் வைத்திருந்தார். வெப்பநிலை ஒழுங்காக வந்துகொண்டிருக்கும், திடீரென்று படிக்க முடியவில்லை என்று பிழை காட்டும். சென்சாரை மாற்றினோம், புல்-அப்பை (லைனை மேலே இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) மாற்றினோம். இரண்டு நாள் போனது. அனலைசரில் டேட்டா லைனை ஒரு சேனலிலும் ஹீட்டர் ரிலேயின் கன்ட்ரோல் பின்னை இன்னொன்றிலும் வைத்துப் பிடித்தபோதுதான் விளங்கியது. பிழை வந்த ஒவ்வொரு கேப்சரிலும் டேட்டா லைனில் ஒரு சாம்பிள் அகலக் கிளிட்ச் இருந்தது. ஒவ்வொரு கிளிட்சும் ரிலே பின் மாறிய சற்று நேரத்தில் இருந்தது. சென்சார் ஒயரும் ரிலே ஒயரும் மூன்று மீட்டர் தூரம் ஒரே டேப்பில் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. பிரித்து எடுத்ததும் பிழை நின்றது.

அதிலிருந்து பழகிய சோதனை இது. ஒவ்வொரு கிளிட்சுக்கும் பக்கத்துச் சேனலில் மிக அருகிலுள்ள எட்ஜ் எவ்வளவு தூரம் என்று கணக்கிடுங்கள்.

எல்லாமே ஒன்றிரண்டு சாம்பிளுக்குள் என்றால் ஒயருக்கு ஒயர் தாவும் சிக்னல். பெரும்பாலும் அனலைசரின் சொந்த ஒயர்களுக்குள்ளேயே நடக்கும். உங்கள் சர்க்யூட்டில் அப்படி ஒன்று நிகழ்ந்திருக்காது. ஒயரைக் குட்டையாக்குங்கள், வேகமான சேனலோடு ஒரு கிரவுண்ட் ஒயரை முறுக்கிக் கொண்டுபோங்கள், சேனல் முனையில் சில நூறு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வையுங்கள்.

எப்போதும் ஏறுமுக எட்ஜில் மட்டும் என்றால் சிக்னல் மெதுவாக ஏறுகிறது. ஐ2சி (சிப்புகள் இரண்டு ஒயரில் பேசிக்கொள்ளும் முறை) லைனில் இது சகஜம். 4.7 கிலோஓம் புல்-அப்பும் 100 பிக்கோஃபேரட் ஒயர் கொள்ளளவும் சேர்ந்தால் 3.3 வோல்ட் சப்ளையில் 1.5 வோல்ட்டைத் தொடவே ஏறக்குறைய 285 நானோவினாடி ஆகும். அந்த நடு வோல்ட்டேஜில் ஊர்ந்து போகும்போது சிறு இரைச்சல் வந்தாலும் அனலைசர் 0, 1, 0, 1 என்று தடுமாறும். இறங்கும் எட்ஜ் சட்டென்று விழுந்துவிடுவதால் இன்னொரு விளைவும் உண்டு: மேலே இருக்கும் நேரம் ஏழு சாம்பிள் வரை குறைவாகவும், கீழே இருக்கும் நேரம் அதே அளவு கூடுதலாகவும் தெரியும். ஐ2சி கிளாக்கின் அகலத்தை அளந்துவிட்டுக் கன்ட்ரோலரைக் குறை சொல்லும் முன் புல்-அப்பை 2.2 கிலோஓமாக மாற்றி இன்னொரு முறை அளந்து பாருங்கள். அகலம் மாறினால் குற்றம் கன்ட்ரோலர் மேல் இல்லை. எட்ஜிலிருந்து எட்ஜுக்குச் சுற்று நேரம் அளப்பதென்றால் இறங்குமுக எட்ஜுகளையே இரண்டு பக்கமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சி சிப்புகள் 50 நானோவினாடி வரையிலான ஊசிகளைத் தாங்களே உள்ளே வடிகட்டிவிட வேண்டும் என்பது அந்த பஸ்ஸின் விதி. 24 மெகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய ஒரு சாம்பிள். அதனால் சிப் கண்டுகொள்ளாத கிளிட்சைப் பல்ஸ்வியூவின் டிகோடர் ஸ்டார்ட் என்று படித்துத் தடம் புரளும். இங்கே ஒரு சாம்பிள் கிளிட்சை வடிகட்டுவது நியாயம். சிப் பார்ப்பதைத்தான் நீங்களும் பார்க்கப் போகிறீர்கள்.

அறிகுறி: வடிகட்டிய பிறகு கணக்கு முன்பை விட மோசம்

அதிகமாக நான் பார்க்கும் தவறு இதுதான். டிஎச்டி22வில் ஒவ்வொரு பிட்டும் 50 மைக்ரோவினாடி கீழே இருந்து, பிறகு மேலே ஏறும். மேலே 26 முதல் 28 வரை இருந்தால் 0, 70 இருந்தால் 1. கீழே உள்ள எண்கள் 24 மெகாஹெர்ட்ஸில் எட்ஜ் நடந்த சாம்பிள் எண்கள்:

10000 ஏற்றம்
10648 இறக்கம்
11848 ஏற்றம்
12200 இறக்கம்
12201 ஏற்றம்
13528 இறக்கம்

முதல் பல்ஸ் 648 சாம்பிள், 27 மைக்ரோவினாடி, அதாவது 0. அடுத்து 1200 சாம்பிள் கீழே, சரியாக 50. அதன் பின் 352 சாம்பிள் மேலே, ஒரே ஒரு சாம்பிள் கீழே, மறுபடி 1327 மேலே. பலர் இடைவெளிகளை ஒரு பத்தியாக எழுதிவிட்டு, "5 மைக்ரோவினாடிக்குக் குறைந்த வரிகளை நீக்கு" என்று ஃபில்டர் போடுவார்கள். அந்த ஒரு சாம்பிள் வரி போய்விடும். ஆனால் 14.67 என்றும் 55.29 என்றும் இரண்டு பல்ஸ் மிச்சம் இருக்கும். டிஎச்டி22வில் இரண்டுமே கிடையாது. ஒரு பிட் இரண்டாகிவிட்டது. அதற்குப் பின்னால் வரும் எல்லாப் பிட்டும் ஒரு இடம் தள்ளிப்போகும்.

நீக்க வேண்டியது இடைவெளியை அல்ல, அதன் இரு பக்கமும் உள்ள எட்ஜுகளை. 12200, 12201 இரண்டையும் சேர்த்து எடுத்துவிட்டால் 11848க்கு அடுத்தது 13528. வித்தியாசம் 1680, சரியாக 70 மைக்ரோவினாடி, அதாவது 1. எப்போதும் ஜோடியாகத்தான் எடுக்க வேண்டும். ஒற்றையாக எடுத்தால் ஏற்றத்துக்குப் பின் இன்னொரு ஏற்றம் வந்து, அதற்கு மேல் எல்லாமே தலைகீழாகும். வடிகட்டிய பட்டியலில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருகிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

பைத்தானில் எழுதினால் நான்கைந்து வரிதான். எட்ஜுகளை வரிசையாக எடுங்கள். வைத்திருக்கும் கடைசி எட்ஜுக்கும் புதியதற்கும் உள்ள தூரம் வரம்பை விடக் குறைவென்றால் கடைசியையும் தூக்கிவிடுங்கள், புதியதையும் சேர்க்காதீர்கள். இல்லையென்றால் புதியதைச் சேருங்கள்.

இதில் ஒரு நுணுக்கம். பட்டன் அழுத்தும்போது வரும் துள்ளலில் ஐந்து எட்ஜ் நெருக்கமாக இருந்தால் இந்த முறை முதல் நான்கையும் நீக்கி ஐந்தாவதை வைத்துக்கொள்ளும். விரல் பட்ட நேரமோ முதல் எட்ஜ். பட்டனை அழுத்தியதற்கும் எல்இடி எரிந்ததற்கும் இடைப்பட்ட நேரத்தை அளப்பதென்றால் கொத்தின் முதல் எட்ஜை வைத்துக்கொள்ளும்படி எழுத வேண்டும். இல்லாவிட்டால் சில மில்லிவினாடி தொலைந்துவிடும்.

வரம்பை எப்படி முடிவு செய்வது? வடிகட்டும் முன் எல்லா இடைவெளிகளையும் எண்ணி ஹிஸ்டோகிராம் போடுங்கள். டிஎச்டி22வில் ஒரு குவியல் 27 பக்கம், ஒன்று 50 பக்கம், ஒன்று 70 பக்கம், கிளிட்ச் எல்லாம் 0.1க்குள். நடுவில் ஒன்றுமே இல்லாத பள்ளம் தெரியும். வரம்பை அங்கே வையுங்கள்; 5 மைக்ரோவினாடி தாராளம். 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சியில் கிளாக் மேலே இருக்கும் நேரம் 0.6 மைக்ரோவினாடி வரை குறையலாம் என்பதால் வரம்பு 0.1ஐத் தாண்டக் கூடாது. பள்ளமே தெரியாமல் குவியல்கள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தால் எந்த வரம்பும் உதவாது. ஃபில்டரை மூடிவிட்டு ஒயரைச் சரிசெய்யப் போங்கள்.

அறிகுறி: வடிகட்டிய சேனல் மற்றதை விடத் தாமதமாக வருகிறது

மேலே சொன்ன ஜோடி முறையில் சுத்தமான எட்ஜ் நகராது. ஆனால் "எட்டு சாம்பிள் தொடர்ந்து 1 வந்தால்தான் 1" என்று எண்ணும் ஃபில்டர்கள் உண்டு. அவற்றில் ஒவ்வொரு எட்ஜும் ஏழு சாம்பிள் தள்ளிப் பதிவாகும். ஏற்றமும் இறக்கமும் ஒரே அளவு தள்ளுவதால் பல்ஸ் அகலம் மாறாது, ஆகவே கண்ணில் படாது. வடிகட்டாத இன்னொரு சேனலோடு ஒப்பிடும்போதுதான் 0.29 மைக்ரோவினாடி கூடுதலாக வந்து நிற்கும். இரண்டு சேனலுக்கும் அதே ஃபில்டரைப் போடுங்கள்.

அறிகுறி: சிஎஸ்வியை எக்செல்லில் திறந்தால் பாதிதான் இருக்கிறது

எக்செல் 10,48,576 வரியோடு நின்றுவிடும். சாம்பிளுக்கு ஒரு வரி என்றால் 24 மெகாஹெர்ட்ஸில் அது 43.7 மில்லிவினாடி மட்டுமே. மாற்றம் நடந்த வரிகளை மட்டும் எழுதச் சொல்லும் டீடப் ஆப்ஷன் சிக்ராக்கின் (பல்ஸ்வியூ சேர்ந்த மென்பொருள் தொகுப்பு) சிஎஸ்வி வெளியீட்டில் இருக்கிறது. அதைப் போட்டால் நேரப் பத்தியையும் கூடவே கேளுங்கள். வரியை எண்ணி நேரம் கணக்கிடுவது அதன் பிறகு செல்லாது.

அறிகுறி: சின்ன இடைவெளி சரி, ஒரு நொடி இடைவெளி மட்டும் ஒத்துவரவில்லை

இங்கே சாம்பிள் அகலம் காரணமில்லை, அனலைசரின் கிறிஸ்டல் காரணம். அதில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) விலகல் இருப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு மில்லிவினாடிக்கு 50 நானோவினாடி, ஏறக்குறைய ஒரு சாம்பிள். ஆகவே ஒரு மில்லிவினாடி வரை சாம்பிள் பிழைதான் பெரிது. அதைத் தாண்டினால் கிறிஸ்டல் பிழை மேலே வந்துவிடும். ஒரு நொடியில் அது 50 மைக்ரோவினாடி. சாம்பிளிங் வேகத்தைக் கூட்டுவதால் இது குறையாது.

ஒப்பிட்டுப் பார்க்க டிஎஸ்3231 கடிகார மாட்யூல் கைவசம் இருந்தால் போதும். 0 முதல் 40 டிகிரி வரை 2 பிபிஎம்முக்குள் நிற்கும். அதன் எஸ்க்யூடபிள்யூ பின்னை 1 ஹெர்ட்ஸுக்கு அமைத்து, அது ஓப்பன் டிரெய்ன் (லைனைக் கீழே மட்டும் இழுக்கும்) என்பதால் 10 கிலோஓம் புல்-அப் வைத்து, இறங்குமுக எட்ஜிலிருந்து இறங்குமுக எட்ஜுக்கு 100 நொடி அளங்கள். இதற்கு 1 மெகாஹெர்ட்ஸே தாராளம். 100 நொடிக்கு 100.0031 என்று வந்தால் உங்கள் அனலைசர் 31 பிபிஎம் கூடுதலாகக் காட்டுகிறது. அந்த எண்ணை ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கருவியின் முதுகிலேயே ஒட்டிவிட்டேன். நீண்ட அளவுகளை எல்லாம் அதைக் கொண்டு திருத்திக்கொள்கிறேன். ஊனோவின் மில்லிஸ் என்ற நேரம் சொல்லும் கட்டளையை வைத்து அனலைசரைத் திருத்தப் போகாதீர்கள், அதன் ரெசனேட்டர்தான் இரண்டில் பலவீனமானது. மைக்ரோஸும் 4 மைக்ரோவினாடிப் படிகளாகத்தான் நகரும். நிரல் 28 என்று சொல்லி அனலைசர் 26 என்று காட்டினால் அனலைசர் பக்கம் நில்லுங்கள்.

அறிகுறி: சராசரி சரி, ஆனால் மிகக் குறைந்த அளவு மட்டும் விசித்திரம்

பட்டியலின் முதல் வரியையும் கடைசி வரியையும் பாருங்கள். கேப்சர் தொடங்கியபோதே மேலே இருந்த பல்ஸுக்கு ஏறிய நேரம் பதிவாகவில்லை. முடியும்போது மேலே இருந்ததற்கு இறங்கிய நேரம் இல்லை. ஆனாலும் சில ஸ்கிரிப்ட்கள் கேப்சரின் ஓரங்களையே எட்ஜாக எண்ணிவிடும். அந்த இரண்டு வரிகளையும் விட்டுவிட்டு மீண்டும் கணக்கிடுங்கள்.